பூஜையில் வைத்த பிரபஞ்சக் கணக்கு

நான் பத்தாவதோடு நின்றவன். புனே பக்கம் ஆகுர்டியில் ஃபேக்டரி வேலை, சாங்வியில் வீடு. நவராத்திரி ஒன்பது நாளும் ஒருவேளைச் சாப்பாடுதான்.

மகள் அப்போது புனேயிலேயே ஆராய்ச்சி படித்தாள். பிரபஞ்சம் ஒரு காலத்தில் சுருங்கிக்கொண்டே வந்து, ஒன்றுமில்லாமல் போவதற்குள் பந்து மாதிரி எகிறித் திரும்ப விரிந்ததாம். பழைய ஈர்ப்பு விதியில் அதற்கு இடமில்லையாம். விதியைக் கொஞ்சம் மாற்றினால் வருமாம். வருகிறதா என்று பார்க்க ஒரு கெட்டி அட்டை நோட்டில் மூன்று வருஷமாகக் கணக்குப் போட்டாள். "பிரளயம்னு நம்ம ஆளுக சொல்லாததா?" என்பேன். சிரித்துக்கொள்வாள்.

அந்த சரஸ்வதி பூஜையன்று அவள் குளிக்கப் போன நேரம், நோட்டை அவள் பையிலிருந்து நானே எடுத்துப் பொட்டு வைத்து, புஸ்தக அடுக்கின் நடுவில் வைத்தேன். ஆசையில்தான். தீபாராதனையும் ஆகிவிட்டது.

வந்தவள் பதறினாள். "அப்பா, அதுல ஒரு எடத்துல பிளஸ்ஸா மைனஸான்னு சந்தேகம். சாயங்காலம் கைடு சார்ட்ட காட்டணும். காலைல அவர் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போறார். இன்னைக்கு முடிச்சாத்தான் அங்க என் கணக்கைப் பேசுவார்."

"நாளைக்குப் புனர்பூஜை முடியுமட்டும் தொடக் கூடாது. தெரியாதா?"

"குறி தப்புனா பிரபஞ்சம் திரும்ப விரியாதுப்பா."

"உலகத்தைத் தாங்குறது உன் பேனாவாட்டி? ஒருநா பொறுக்காதோ அது?"

"எடுத்துக் குடுத்துருங்களேன்" என்றாள் என் மனைவி. முறைத்தேன். உள்ளே போய்விட்டாள்.

மகள் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தாள். இன்றைக்கு எழுதவும் கூடாது என்று பேனாவைப் பிடுங்கி அதையும் பூஜையில் வைத்தேன். ஐந்து மணிக்கு அவள் சார் போன் செய்தார். அவளை எடுக்க விடவில்லை. "ஆஜ் பூஜா ஹை. லட்கி நஹி ஆயேகி" என்று, இன்றைக்குப் பூஜை, பெண் வரமாட்டாள் என இந்தியில் சொல்லி வைத்துவிட்டேன். அம்பாள் பக்கம் நின்றுவிட்டதாகப் பெருமை வேறு.

மறுநாள் கற்பூரம் காட்டி, நோட்டையும் பேனாவையும் கையில் கொடுத்து, "நாலு வரி படிட்டி" என்றேன். நின்றபடியே புரட்டினாள். ஓரிடத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டாள். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. "விரியுது" என்றாள், என்னைப் பார்க்காமல். சார் அதற்குள் விமானம் ஏறியிருந்தார். நோட்டை மூடி, பூஜை அடுக்கிலேயே திரும்ப வைத்தாள்.

அங்கே அவர் இன்னொரு மாணவன் போட்ட கணக்கைப் பேசினார். கட்டுரையும் அவன் பேரில் வந்தது. அதே முடிவுதானாம், என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆறு மாசத்தில் மகள் படிப்பை விட்டாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

ஒவ்வொரு வருஷமும் பூஜைக்கு வருவாள். "நோட்டை எடுத்துட்டுப் போயேன்டி" என்பேன்.

"பூஜைல வச்சதுப்பா. தொடக் கூடாது."

சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். நான் தூசி தட்டி, பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைக்கிறேன்.