பழைய கீபோர்டின் ரப்பர்

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் சர்ச்சில் பல வருடங்களாக நான்தான் கீபோர்டு வாசித்தேன். ஜெனிபர் வந்தபிறகு ஞாயிறு ஆராதனை அவளுக்குப் போனது. எனக்கு சண்டே ஸ்கூல் பாட்டுகள் மிஞ்சின. அவள் விரல்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

எங்கள் இருவரிடமும் ஒரே மாடல் கீபோர்டு. என்னுடையதில் நடுக்கட்டைகள் பேசாதது சர்ச்சுக்கே தெரியும். அடியிலிருக்கும் ரப்பர் பட்டை தேய்ந்துவிட்டது. மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் புதிது கிடைக்கவில்லை. பழைய கீபோர்டைப் பிரித்து எடுத்தால்தான் உண்டு. சர்ச் குடோனில் அதே மாடலில் ஒன்று கிடந்தது. நான் கேட்பதற்குள் ஜெனிபர் வாங்கிப் போய்விட்டாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"பழசைப் பிரிச்சேன்க்கா. இந்தாங்க, உங்க நடுக்கட்டைக்கு ரப்பர்."

முகம் கொடுத்துப் பேசாமல் வாங்கி மாட்டினேன். எல்லாக் கட்டையும் பேசியது.

அடுத்த ஞாயிறு அவள் விரல்கள் மேல்கட்டைகளுக்குப் போனபோது சத்தமே வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆராதனை முடிந்ததும் அக்கறைபோலக் கேட்டேன்.

"என்னாச்சு உன் கீபோர்டுக்கு?"

"அந்தப் பழசுல எல்லா ரப்பரும் பொடிஞ்சு கிடந்துச்சுக்கா. அதான் என்னோடதுல மேல இருந்ததைக் கழட்டிட்டு வந்தேன். எனக்கு மேல்கட்டை அம்புட்டாத் தேவைப்படாது."

அதுவரை அவள் வாசிப்பைப் பார்த்து எரிந்த வயிறு, அன்றிலிருந்து அவள் மனசைப் பார்த்தும் எரிகிறது. வாசிப்பையாவது பழகிப் பிடித்துவிடலாம்.