“சேர்ந்து சொல்லுங்கோ, பிள்ளையள்”

உரும்பிராயிலிருந்து யோகக்காவின் தங்கை தொலைபேசியில் அழைத்தபோது, நான் கலாசாலை மண்டபத்தில் அன்றைய வகுப்புக்காகக் கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். “அக்கா போட்டா” என்பதற்கு மேல் அவரால் கதைக்க முடியவில்லை. வருத்தம் முற்றிப் படுக்கையில் கிடந்தார் என்று தெரிந்திருந்தும் அவருடைய சாவை மனம் ஏற்கவில்லை. பாதி வட்டத்தில் நின்ற கதிரை ஒன்றில் அப்படியே இருந்துவிட்டேன். கதிரைகளை வட்டமாகப் போடும் பழக்கத்தை எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குக் கொண்டுவந்தவரே யோகக்காதான்.

இந்த நினைவு மலரை வாசிக்கும், அவரோடு பழகிய உங்களுக்கு அவருடைய வாயைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. குளிர்நாடு ஒன்றில் சில மாதம் பயிற்சி பெற்றுத் திரும்பியவர், குழுவேலை, விளையாட்டு, பிள்ளையைக் கதைக்க விடுதல் என்று ஒரு பொதி நிறையக் கொண்டுவந்தார். “உங்கடை வெளிநாட்டுச் சரக்கு இஞ்சை விலைப்படாது, அக்கா” என்று சீண்டினேன். கூட விரிவுரை செய்கிறவள் என்ற உரிமை எனக்கு. அவர் விடவில்லை. “வெளிநாட்டு முறை எண்டது வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி. வந்த உடனை குறை சொல்லவும் கூடாது, அண்டைக்கே இடுப்பிலை கிடக்கிற திறப்புக் கோர்வையைக் கழட்டிக் குடுக்கவும் கூடாது. நீர் மாமியார் வேலை பாக்காதையும்” என்றார்.

மயிலிட்டியில் ஒரு பாடசாலைக்குக் கற்பித்தல் மேற்பார்வைக்காக இருவரும் போயிருந்தோம். சண்டிலிப்பாயைச் சேர்ந்த பயிலுநர் ஒருத்தி பாடம் நடத்தினாள். ஒரு சிறுமியை எழுப்பி, “உங்கடை அப்பா என்ன வேலை செய்யிறார்? சொல்லுங்கோ பாப்பம்” என்றாள். சிறுமி எழுந்து நின்றாள், வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் பிள்ளை பதில் சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது நாங்கள் சொல்லிக் கொடுத்த புதிய முறை. பயிலுநர் சிரித்த முகத்தோடு பொறுத்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். அந்தத் தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதது வகுப்பு முழுவதற்கும் தெரியும். எங்கள் மூவருக்கும்தான் தெரியாது; பாடம் முடிந்த பிறகே அறிந்தோம்.

மேற்பார்வைக்குப் போனவர் வாய் திறக்கக் கூடாது. கவிழ்ந்த தலைகளைக் கண்ட யோகக்கா பின்வரிசை வாங்கிலிலிருந்து எழும்பினார். “ஏழாம் வாய்பாடு! சேர்ந்து சொல்லுங்கோ, பிள்ளையள். ஓரேழு ஏழு...” என்று தானே உரத்துத் தொடங்கினார். பிள்ளைகள் கூரை பறக்கச் சொன்னார்கள். அந்தச் சத்தத்துக்குள் சிறுமி மெல்ல அமர்ந்து, மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். இரண்டாம் முறை சொல்லும்போது அவளுடைய உதடும் அசைந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் யோகக்கா சொன்னார்: “தனிக்குரல் எல்லாப் பிள்ளைக்கும் வேணும். ஆனா எல்லா நாளும் ஏலாது. நான் போன நாட்டிலை தனியக் கதைக்கப் பழக்குறது சரி. இஞ்சை சேர்ந்து சொல்லேக்கை ஒரு பிள்ளை அதுக்குள்ளை ஒளிஞ்சிருந்து அழலாம். அதை ஏன் நாங்கள் பறிக்கவேணும்?”

எங்கள் பயிற்சி வழிகாட்டி நூலோ, கூட்டாகச் சொல்ல வைப்பதை அடியோடு தவிர்க்கச் சொன்னது. அந்தப் பயிலுநருக்கும் அதற்காகவே மேலதிகாரிகள் புள்ளி வெட்டினார்கள். யோகக்கா தொடங்கியதற்கு அவளுக்குத் தண்டனை! தேவை கண்டால் ஆசிரியர் சேர்ந்து சொல்ல வைக்கலாம் என்று ஒரு வசனம், ஒரேயொரு வசனம், சேர்க்கும்படி யோகக்கா கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டார். “பரிசீலிப்போம்” என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பத்திக்கொண்டு வருகிறது. ஓய்வு பெற்ற பிறகும், கட்டிலோடு கிடந்த கடைசிக் காலத்திலும், என்னைக் கண்டதும் அவர் கேட்டது அதைத்தான்.

“அந்த வசனம் ஏறிட்டுதோ?”

“இன்னும் இல்லையக்கா.”

“ஓம்... நான் இருக்கேக்கை ஏறாது போலை.” சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பொய்யாவது சொல்லியிருக்கலாமோ என்று வழியெல்லாம் நினைத்தேன். அவரிடம் பொய் எடுபடாது.

செத்தவீட்டில் பெட்டியை மூடுவதற்கு முன் என்னை இரங்கலுரைக்கு அழைத்தார்கள். ஒலிவாங்கியைப் பிடித்தேன். குரல் வரவில்லை. முற்றம் முழுக்க ஆசிரியர்கள், எல்லாரும் எங்களிடம் பயின்றவர்கள். பழக்கியபடியே மரியாதையாகப் பொறுத்திருந்தார்கள். அந்தப் பொறுமை எவ்வளவு கொடியது என்று அன்றுதான் கண்டேன். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் தேவாரம் ஒன்றை எடுத்தது. அன்று புள்ளி வெட்டுப்பட்ட சண்டிலிப்பாய்க்காரி. அடுத்த அடியை முற்றமே சேர்ந்து பாடியது. நான் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் இருந்து அழுதேன்.

வசனம் இன்னும் ஏறவில்லை. யோகக்கா முடிக்காமல் என்னிடம் விட்டுப் போனது அது ஒன்றுதான். அடுத்த தவணையும் கதிரைகளை வட்டமாகவே போடுவேன். பிள்ளை வாய் திறக்கும்வரை பொறுத்திருக்கச் சொல்லிக் கொடுப்பேன். பொறுத்தும் திறக்காத பிள்ளையை, எல்லாரையும் சேர்ந்து சொல்ல வைத்து, எப்படி இருத்துவது என்பதையும் சொல்லிக் கொடுப்பேன். புள்ளி வெட்டுகிறவர்கள் வெட்டட்டும்.