பின்பக்கம் என் பெயர் எழுதிய பிளேட்

இந்த நாட்டில் வேண்டாத பொருளை நடையில் வைத்து, மேலே ஒரு மஞ்சள் தாளை ஒட்டிவிடுகிறார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாமாம். நோர்வேக்கு வந்து ஆறு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. கண்டி, மஹய்யாவவில் எங்கள் வீட்டில் கால் உடைந்த கதிரைக்கும் ஒரு மூலை இருந்தது. போன வருடம் ஒரு காலை எங்கள் ஆய்வுகூட நடையில் மஞ்சள் தாளோடு நின்றது ஒரு பொஸ்பர் பிளேட் ஸ்கேனர். பழசுதான், ஆனால் நன்றாக ஓடும்.

அதே ரக ஸ்கேனரில்தான் கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் வேலை பழகினேன். தேயிலை நாற்றுக்குக் கதிரியக்கப் பொஸ்பரஸ் கலந்த தண்ணீர் கொடுப்போம். பிறகு இலைகளைப் பறித்து, ஒரு பிளேட்டின் மேல் அழுத்தி இருட்டில் வைப்போம். வேர் குடித்தது எந்த இலைக்குப் போனது என்பதைப் பிளேட் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்கேனருக்குள் போட்டால்தான் இலை கறுப்பாக எழுந்து வரும். முடிந்ததும் வெள்ளை வெளிச்சத்தில் வைத்தால் எல்லாம் அழிந்துவிடும், மறுபடி பாவிக்கலாம். நான்கு பிளேட்டுக்கு ஏழு பேர் அடித்துக்கொள்வோம்.

எல்லாவற்றுக்கும் பொறுப்பு பௌசியா மிஸ், கம்பளை ஊர்க்காரர். நான் புறப்பட்ட அன்று, "ரெண்டு வருஷம் படிச்சிட்டு வந்துருவேன் மிஸ்" என்றேன். அவர் ஒரு பிளேட்டைத் திருப்பி என் பெயரைப் பேனையால் எழுதினார். "வரும்வரைக்கும் இத ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன் தம்பி." படித்து முடித்தேன், வேலை கிடைத்தது. இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு வருடம் என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கிடையில் அங்கே மின்வெட்டுக் காலத்தில் அவர்களுடைய ஸ்கேனர் செத்துப்போனது.

மஞ்சள் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு லார்ஸிடம் போனேன். அவர்தான் எங்கள் ஆய்வுகூடத் தலைவர். கண்டிக்கு அனுப்பவேண்டும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"அப்படியென்றால் நீ திரும்பிப் போகிறாயா?"

"இல்லை இல்லை, மெஷின் மட்டும்."

எவ்வளவு அவசரமாகச் சொன்னேன்! லார்ஸ் நிம்மதியாகச் சிரித்தார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

மூன்று மாதம் கழித்து ஸ்கேனர் போய்ச் சேர்ந்தது. பொருத்தி முடித்த அன்று மிஸ் வீடியோவில் கூப்பிட்டார். ஓட்டிப் பார்க்க என் பிளேட்டைத்தான் போட்டாராம். திரையில் வந்த படத்தைக் காட்டினார். ஓரம் முதல் ஓரம் வரை சாம்பல் நிறம்.

"என்ன மிஸ் இது?"

"ஒன்டுமில்ல தம்பி. அலுமாரிக்குள்ள சும்மா கெடந்தது."

எனக்குத் தெரியாததா? சுவரிலிருந்தும் வானத்திலிருந்தும் வரும் சிறு கதிர்வீச்சு போதும். யாரும் தொடாத பிளேட்டிலும் அது சேர்ந்துகொண்டே போகும். இலையுமில்லை, நரம்புமில்லை. நான் வராத ஐந்து வருடத்தைத்தான் அது பிடித்து வைத்திருந்தது. அத்தனை தட்டுப்பாட்டிலும் அவர் அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

"புதுசா ஒரு பிள்ளை வந்தீக்கிறா. பிளேட் இல்லாம நிக்கிறா" என்றார் மிஸ். பிறகு கேட்டார். "நீங்க வாரதா ஈந்தா சொல்லுங்க. வெச்சிக்கிறன்."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே கேட்டார்.

"அழிச்சிருங்க மிஸ்."

அவர் பிளேட்டை வெளிச்சப் பெட்டியில் வைத்து மூடினார். கால் மணி நேரம் இருவரும் தொடர்பை வெட்டவில்லை. எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒங்கட பேரு போகல்ல" என்றார்.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளை எடுத்த முதல் படத்தை அனுப்பியிருந்தார். ஒரு தேயிலைக் கொழுந்து, நரம்பு நரம்பாக, அவ்வளவு தெளிவாக. அந்த இலை படுத்திருந்த பிளேட்டின் பின்பக்கம் என் பெயர் இருக்கிறது. படத்தில் அது தெரியவில்லை.