முத்திரை போட்ட விரிப்பு

என் அக்காவின் முகத்துக்கு ஒரு வயது, கைக்கு வேறொரு வயது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவள் ஈரப் பக்கத்தில் நின்றாள். வார்டுகளிலிருந்து வரும் அழுக்கு விரிப்புகளை ஜன்னல் வழியாக வாங்கி, மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி எடுக்க வேண்டும். கையுறை கொடுப்பார்கள். அது கிழிந்தால் அடுத்தது வரும்வரை வெறுங்கைதான். தோல் உரிந்து வெடித்துப்போய், உப்புப் பட்டாலே எரியும். அதனால் வீட்டில் கரண்டியால் சாப்பிடுவாள். யாராவது கேட்டால், "நாங்கல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைங்க" என்பாள்.

நான் அதே கூடத்தில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், காய்ந்த துணிகளை மடிக்கிறேன். ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் வார்டின் பெயர் நீல முத்திரையாக இருக்கும். அது வெளியே தெரிகிற மாதிரி மடிக்க வேண்டும். என் பக்கத்தில் பெரிய தேய்ப்பு மெஷின் ஒன்று உண்டு. அதை ஓட்டுகிற அம்மாள் வேலையை விடப்போகிறாள் என்று பேச்சு வந்தது. அந்த இடத்துக்குப் பத்தாவது பாஸ் வேண்டும். அக்கா ஐந்தாவதோடு நின்றவள். நான் அந்த ஐந்தையும் எட்டவில்லை.

வீட்டிலிருந்தே போனில் படித்துப் பத்தாவது முடிக்கலாம் என்று பஸ் நிறுத்தத்தில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. அக்கா அதைப் பல நாள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சேர்ந்தாள். எனக்கும் அவள் வீட்டுக்காரரான மாமாவுக்கும் மட்டும் சொன்னாள். பாடங்கள் சின்னச் சின்னப் பேச்சுப் பதிவுகளாகப் போனுக்கு வரும். பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். பாட்டுக் கேட்கிறாள் என்று மற்றவர்கள் நினைக்கட்டும் என்று அவ்வப்போது தலையை ஆட்டுவாள். உள்ளே ஓடிக்கொண்டிருப்பது முக்கோணம் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஞாயிறு மதியம் வீடியோ வகுப்பு. எல்லோரும் முகத்தைக் காட்ட வேண்டும். போனை நான் பிடித்துக்கொள்வேன். படத்தில் வராத வேலை என்றால் எனக்கு நிம்மதி.

முதல் வகுப்பில், எல்லார் வீட்டுச் சுவரும் சுத்தமாகத் தெரிந்துகொண்டிருந்த நேரத்தில், ராத்திரிக் காவல் வேலை பார்க்கும் மாமா தூங்கி எழுந்து, இடுப்பில் துண்டோடு, சீப்பால் முதுகைச் சொறிந்தபடி அக்காவின் பின்னால் நடந்துபோனார். போனுக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"என் வீட்ல என் முதுகைச் சொறியக் கூடாதா?" என்றார் மாமா.

"தாராளமா சொறிங்க. ஊரே பாக்கும்போது சொறியாதீங்க."

அடுத்த ஞாயிறு அவளுக்குப் பின்னால் ஒரு வெள்ளை விரிப்பு தொங்கியது. ஈரம் ஊறின சுவர், கொடித் துணி, கட்டில் எல்லாம் மறைந்துவிட்டன. அந்த விரிப்பு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. கிழிந்த விரிப்புகளைத் தரை துடைக்கக் கிழிப்பதற்காக சூப்பர்வைசர் மேஜைக்கு அடியில் ஒரு மூட்டையில் போட்டுவைப்பார்கள். வேண்டுமென்றால் அவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். அக்கா கேட்கவில்லை.

"கேட்டா எதுக்குன்னு கேப்பாரு. இந்த வயசுல படிக்கிறேன்னா சொல்றது?"

"முத்திரை தெரியுதே, அக்கா."

"போன்ல பாருடி. எழுத்தெல்லாம் இடம் வலமா திரும்பி இருக்கு. யாராலயும் படிக்க முடியாது."

பார்த்தேன். கண்ணாடியில் தெரிவது மாதிரிதான் தெரிந்தது. நானும் நம்பினேன்.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அவளுக்கு ஒரு செய்தி வந்தது. 'அக்கா, தப்பா நினைக்காதீங்க. பின்னாடி இருக்கிற துணியில எங்க வார்டு பேர் தெரியுது. மாத்திடுங்க. நான் யார்கிட்டயும் சொல்லல.'

அனுப்பியவள் தினமும் காலையில் ஜன்னல் வழியாக அழுக்கு மூட்டை கொடுக்கும் வார்டுக்காரி. வேலையில் இரண்டு பேரும் மூக்கையும் வாயையும் மூடியிருப்பார்கள். வகுப்பில் திறந்த முகம். அதனால் அக்காவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவளுக்கும் அந்த முத்திரையைப் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

அக்கா என் போனுக்கு வீடியோ அழைப்புப் போட்டு, தன் போனை விரிப்புக்கு முன்னால் என்னிடம் கொடுத்துவிட்டு, என் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். நம் போனில் நமக்குத்தான் திருப்பிக் காட்டும், மற்றவர்களுக்கு நேராகவே தெரியும் என்பது அப்போதுதான் புரிந்தது. இத்தனை வாரமாக, வகுப்பு முழுக்க அதைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டி எழுதியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். அந்தப் பெண் மரியாதையாக எழுதியிருந்தாள். அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

விரிப்பைக் கழற்றித் துவைத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள். ஜன்னலுக்கு வேறொருத்தியை அனுப்பினாள். தேய்ப்பு மெஷின் அம்மாள் கிளம்பும் நாள் நெருங்கியது. "பரீட்சை வருதே" என்று ஒருமுறை சொல்லிப்பார்த்தேன். "உனக்கா எனக்கா?" என்றாள்.

ஒரு நாள் காலையில் வார்டுக்காரி மூட்டையைக் கொடுத்த பிறகும் போகவில்லை. ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

"ட்ராலிக்குப் பின்னாடி கால் தெரியுது, அக்கா."

குனிந்து ஒளிந்திருந்த அக்கா எழுந்து நின்றாள். மெஷின்கள் ஓடும்போது அங்கே ரகசியம் பேச முடியாது. கத்தினால்தான் கேட்கும்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வாய்மொழிப் பரீட்சை. நீங்க வரலைன்னா நான்தான் துரத்தினேன்னு ஆயிடும்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது. அலசுகிற இடத்தில் ஒருத்தி நிமிர்ந்தாள். "யாருக்குப் பரீட்சை? நம்ம பெரியக்காவுக்கா? பல்லு விழுற நேரத்துல பத்தாவதா?" சிரிப்பு வரிசையாகப் பரவியது. வார்டுக்காரி தலையை வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளும் படிப்பதை யாருக்கும் சொல்லாதவள். அன்று தானும் மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் அக்கா விரிப்பைப் பையில் எடுத்துவந்து சூப்பர்வைசர் மேஜையில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"மூட்டையிலேருந்து எடுத்தேன். கேக்காம எடுத்துட்டேன்."

"கேட்டிருந்தா ரெண்டாவே குடுத்திருப்பேனே. இதைப் போய் என்ன பண்ணினே?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "சுவத்தை மறைச்சேங்க. படிக்கிறப்போ."

அவர் விரிப்பைப் பிரித்து, துவைத்துத் தேய்த்திருப்பதைப் பார்த்தார். வழக்கம்போல நடுவில் பிடித்து இரண்டாகக் கிழித்து மூட்டையில் போட்டார். "போய் வேலையப் பாரு" என்றார். அந்தக் கிழிகிற சத்தத்துக்கு அக்காவின் தோள் குறுகியதை நான் பார்த்தேன்.

ஞாயிறு அன்று நானும் மாமாவும் வாசலுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்தோம். பரீட்சையின்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. அக்கா போனை டம்ளர் அடுக்கின்மேல் சாய்த்துவைத்துக்கொண்டாள். கதவை ஒருக்களித்து வைத்திருந்ததால் டீச்சரின் குரல் கேட்டது.

"போனைக் கையில எடுத்து ரூமை முழுசா ஒரு சுத்து காட்டுங்கம்மா. எல்லாரும் காட்டணும்."

இத்தனை நாள் எதை மறைத்தாளோ, அத்தனையையும் இனி அவளே எடுத்துக் காட்ட வேண்டும். அணைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"இது கட்டில்" என்றாள் அக்கா. குரல் தரையில் ஊர்ந்தது. "இது அடுப்பு. இந்தச் சுவர்ல தண்ணி இறங்கும். இது கொடி. துணி இன்னும் எடுக்கல." கொஞ்சம் நிறுத்தினாள். "இது கதவு."

கதவு திறந்தது. போன் எங்களைப் பார்த்தது. மாமா அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டார். நான் முந்தானையால் முகத்தை மூடினேன்.

"அவங்க யாரு?" என்றார் டீச்சர்.

"என் வீட்டுக்காரர். அது என் தங்கச்சி. சொல்லிக்குடுப்பாங்கன்னு பயப்படாதீங்க, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது."

போனுக்குள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் காது மடல் சிவந்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு அவள் குரல் மட்டும், பாதி சரியாகவும் பாதி தடுமாறியும், கதவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

பாஸானாள். நல்ல மார்க் என்று சொல்ல முடியாது. வார்டுக்காரிக்குக் கணக்கு போய்விட்டது. அது தெரிந்த பிறகு, ஜன்னல் பக்கம் போகவே அக்கா மறுபடியும் கூசினாள்.

தேய்ப்பு மெஷினில் முதல் நாள் அக்கா எடுத்த விரிப்புகளில் வார்டுக்காரியின் வார்டு முத்திரை இருந்தது. முத்திரை உள்ளே போகும்படி மடித்து அடுக்கினாள். நான் பார்ப்பதைப் பார்த்தாள். மேலே இருந்ததை எடுத்துப் பிரித்து, எழுத்து வெளியே தெரியும்படி மறுபடி மடித்தாள். பிறகு அதற்கு அடுத்ததையும்.