நோனாவின் சுவரில் ஓர் ஆணி

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு சுத்தியல். அதன் ஒரு பக்கம் ஆணி அடிக்க. மறு பக்கம் பிளந்த கொம்பு, ஆணி பிடுங்க. அடிக்கும் பக்கம் என் கணவருடையது, பிடுங்கும் பக்கம் என்னுடையது. யாரும் எங்களுக்குப் பாகம் பிரித்துத் தரவில்லை. கல்யாணமான முதல் வருஷத்திலேயே அது அப்படி அமைந்துவிட்டது.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் அரசாங்கக் கந்தோரில் வேலை. நான் கெலிஓயாக்காரி, கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர் நெற்றியில் திருநீறு, என் கழுத்தில் சிலுவை. பஸ்ஸில் பழக்கமாகி, இரண்டு வீட்டாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். கல்யாணத்துக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் என்று ஒருவரும் வரவில்லை. அன்று மத்தியானம் ஒரு ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம் ஒன்றுதான் நடந்ததற்குச் சாட்சி. கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து வாங்கினேன். அதைச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசை.

கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்தோம். மறு பாதியில் வீட்டுக்கார நோனா இருந்தார். ஐம்பது தாண்டிய சிங்களப் பெண்மணி. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் கொழும்பில். வீட்டைக் காட்டும்போதே ஒரு நிபந்தனை போட்டார். அவர் பேசியது சிங்களத்தில், நான் தமிழில் சொல்கிறேன். மாத்தயா என்றால் ஐயா, இறந்த கணவரையும் அவர் அப்படித்தான் சொல்வார்.

"டீச்சர், இது எங்க மாத்தயா தன் கையால பூசுன சுவரு. சமைங்க, சண்டை போடுங்க, என்ன வேணும்னாலும் செய்ங்க. ஆணி மட்டும் அடிச்சுறாதீங்க."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. என் கணவருக்கோ பரம சந்தோஷம். "நல்லதாப் போச்சு. நாங்கள் என்ன இஞ்சை வேர் விடவே வந்தனாங்கள்?" என்றார்.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு முன் தமிழர்களை அடித்து விரட்டிய ஒரு கலவரத்தின்போது அவர் தனியாள். அறையில் இருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, கட்டிய சாரத்தோடு ஊர் போய்ச் சேர்ந்தவர். திரும்பி வந்த பிறகும் அவருடைய மனம் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டேதான் இருந்தது. யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கேட்டு எழுதிய விண்ணப்பம் கந்தோரில் வருஷா வருஷம் புதுப்பிக்கப்பட்டது.

வீட்டுக்குள் வந்த கிழமை அவர் முதலில் வாங்கிய சாமான் இந்தச் சுத்தியல்தான். சோற்றுப் பானை இன்னும் வாங்கவில்லை.

"ஏங்க, குடும்பத்துக்கு முதல்ல வேண்டியது பானையா சுத்தியலா?" என்று கேட்டேன்.

"பானையை ஆரிட்டையும் இரவல் கேக்கலாம். சுத்தியலை இரவல் குடுத்தவன் திருப்பி வாங்கினதாச் சரித்திரம் இல்லை."

அதோடு விடவில்லை. ஒரு நீள ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, சுத்தியலின் மரப்பிடியில் தன் பெயரின் முதல் எழுத்தைத் தமிழில் சுட்டு எழுதினார். நல்ல பெரிய எழுத்து. அவருக்கு அது ஒரு வியாதி. வாளியில் எழுத்து, குடையில் எழுத்து, முக்காலியின் அடியில் எழுத்து. "என் நெத்தியிலயும் ஒன்னு போட்டு விட்டுருங்க" என்றேன். "நீர் துலையிற ஆள் இல்லை" என்றார், சிரிக்காமல்.

எங்கள் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க். கோபம் தணிந்த பிறகு மகளுக்கு அவர் கொடுத்தனுப்பிய சீர், நான்கு காலித் தேயிலைப் பெட்டிகள். அவற்றில் நல்ல பீங்கான்களையும் துணிமணியையும் கல்யாணப் படத்தையும் அடுக்கி வைத்தார் என் கணவர். எங்காவது ஏதாவது என்று பஸ்ஸில் ஒரு கதை கேட்டு வந்தால் போதும், அன்று மாலை நான்கு பெட்டிக்கும் மூடி வைத்து ஆணி அடித்துவிடுவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு கிழமை போகும். வீட்டுக்கு யாராவது வருவார்கள், பீங்கான் தேவைப்படும். அல்லது நத்தார் வரும், பாலன் குடில் பொம்மைகள் அடியில் கிடக்கும். நான் சுத்தியலை எடுத்து, கொம்பை ஆணித்தலையில் கொடுத்து, ஒவ்வொன்றாய்ப் பிடுங்குவேன். ஆணி கிறீச்சென்று கத்தும். அவர் கேட்டும் கேட்காததுபோல் பேப்பர் பார்ப்பார். பிறகு நான் வளைத்துப் போட்ட ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டு பின்படிக்குப் போவார். கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, பால்மா டின்னில் போட்டு வைப்பார், அடுத்த தடவைக்கு.

எத்தனை முறை என்று கணக்கில்லை. மூடியின் ஓரம் சல்லடையாகிவிட்டது. மகள் பிறந்தாள், நடந்தாள், பேசத் தொடங்கினாள். படம் மட்டும் மூன்றாவது பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஜூலையில் பேய் நிஜமாகவே வந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார்கள். கண்டிப் பக்கம் புகை எழும்புவதைப் பஸ்ஸிலிருந்தே பார்த்தேன். நான் வீடு வந்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு அவர் நடந்தே வந்து சேர்ந்தார், திருநீற்றை அழித்துவிட்டு. அந்த வெறும் நெற்றியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் நோனா பின்கதவால் வந்தார்.

"எங்கயும் போகாதீங்க. ரோட்டுலதான் ஆபத்து. ஆள் இல்லாத வீடு மாதிரி வெளியில பலகை அடிச்சுறலாம். சுத்தியலக் குடுங்க."

பலகை என்று இருந்தவை எங்கள் பெட்டி மூடிகள்தான். நான் வேகமாகப் பிடுங்கிக் கொடுத்தேன். என் கணவர் பால்மா டின்னோடு ஆணிகளைக் கொடுத்தார். நோனா முன்பக்கம் போய், எங்கள் வாசற்கதவின் குறுக்கே வெளியிலிருந்து அடிக்கத் தொடங்கினார். வாழ்க்கையில் அதற்கு முன் அவர் ஓர் ஆணியும் அடித்ததில்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது. இரண்டு அடி ஆணிக்கு, மூன்று அடி பலகைக்கு. பின்கதவையும் யன்னல்களையும் தாழிட்டு, உள்ளே இருட்டில் மகளை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருக்க, என் கணவர் என் காதில் கிசுகிசுத்தார்.

"கொஞ்சம் சரிச்சு அடிக்கச் சொல்லும். இல்லாட்டி இழுத்தா வந்திடும்."

"சும்மா இருங்க. உயிர் போற நேரத்துல ஆணிக்குப் பாடம் எடுக்கிறீங்க."

கடைசி ஆணி அடித்து முடியவும் தெருவில் கூச்சல் கேட்கவும் சரியாக இருந்தது. கதவுக்கும் நிலைக்கும் இடையில் விரல் அகலத்தில் ஓர் இடைவெளி. அதில் கண்ணை வைத்தேன். ஒரு கூட்டம் கேற்றடிக்கு வந்துவிட்டது. நோனா வாசற்படியில் நின்றார், கையில் சுத்தியல். அப்போதுதான் என் கணவர் என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"எழுத்து" என்றார். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

சிங்களப் பெண்ணின் கையில் தமிழ் எழுத்துப் போட்ட சுத்தியல். அதை ஒருவன் பார்த்தால் போதும், அதற்குரியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சுட்ட எழுத்து, எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். ஐயோ, இந்த மனிதனின் வியாதியே எங்களைக் கொல்லப் போகிறதே என்று நினைத்தேன். மகளின் வாயைப் பொத்தினேன்.

நோனா குனிந்து எழுத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் அவசரமில்லாதவர் போல வாசற்படியில் உட்கார்ந்தார். சுத்தியலின் மேலேயே உட்கார்ந்தார். இடுப்பில் கட்டியிருந்த சீத்தைத் துணியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

"அவங்க போன கிழமையே யாழ்ப்பாணம் போய்ட்டாங்க. கண்டவனும் உள்ள பூந்துறக் கூடாதுன்னு நான்தான் பலகை அடிச்சு வச்சிருக்கேன். இது எங்க மாத்தயா கட்டுன வீடு. கொளுத்துறதுன்னா என்னையும் சேத்துக் கொளுத்துங்க."

ஒருவன் எழும்பச் சொன்னான். "எனக்கு முழங்கால் வலி, எழும்ப மாட்டேன்" என்றார். அவர்கள் வாதாடினார்கள், பலகையை உலுக்கினார்கள், வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். நோனா அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த எல்லாச் செபங்களையும் சொல்லி முடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தேன். என் கணவரும் என்னோடு சேர்ந்து முணுமுணுத்தார், அவருடைய தேவாரத்தை. கடைசியில் அவர்கள் போனார்கள்.

அதன்பின் ஒரு கிழமை நோனா நொண்டி நொண்டி நடந்தார். சுத்தியலின் கொம்பு நன்றாகப் பதம் பார்த்துவிட்டது. காயத்தை யாருக்கும் காட்டவும் முடியாத இடம். நான்தான் எண்ணெய் போட்டுவிட்டேன், அவர் சிரிக்க, நான் அழ.

அமளி அடங்கிய பிறகு பலகையைக் கழற்ற வந்தார். ஒரு ஆணியும் அவருக்கு அசையவில்லை. "டீச்சர், இது உங்க வேலை" என்று பின்கதவால் சுத்தியலை உள்ளே நீட்டினார். நான் அந்தக் கதவாலேயே இறங்கி, முன்பக்கம் போய்ப் பிடுங்கினேன். மூன்று ஆணி நிலைக்குப் போகாமல் சுவருக்குள் போயிருந்தன. பிடுங்கியதும் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. நோனா வாயைப் பிளந்து பார்த்தார். "உங்க சுத்தியல்தான் கோணல்" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

ஆனால் சிரிப்பு அதோடு சரி. என் கணவர் இரவில் தூங்கவில்லை. வாசலில் யார் இருமினாலும் எழும்பி உட்கார்ந்தார். அடுத்த மாதம், அத்தனை வருஷமாக வராத இடமாற்றக் கடிதம் வந்தது. அவர் அதை என் கையில் தந்தார்.

"இஞ்சாரும், நோனா எத்தினை தரம் குந்துவா? பிள்ளைக்கு ஏதும் ஒண்டு நடந்தா நான் பிறகு மனுசனா?"

அப்பா அம்மா பக்கத்தில், பள்ளிக்கூடம் இங்கே, எனக்குத் தெரிந்த உலகமே இவ்வளவுதான் என்று சொல்ல நினைத்தேன். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றேன். இந்த முறை மூடிகளுக்குப் புது ஆணி வாங்கினார், இரண்டு அங்குல ஆணி. அவர் அடித்த ஒவ்வொரு அடியும் எனக்கு வலித்தது. நான் கொம்பைத் தொடக்கூடாது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

மறுநாள் லொறி வரும். அன்று பின்னேரம் அவர் பின்படியில் உட்கார்ந்து, உடைந்த போத்தல் துண்டால் சுத்தியல் பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் சோதனை, எழுத்து இருந்தால் வம்பு என்றார். பாதி எழுத்துப் போய்விட்டது. அப்போது வழிச் சாப்பாட்டுக்கென்று கொஞ்சம் கொக்கிஸ் பலகாரம் சுட்டுத் தட்டில் எடுத்துக்கொண்டு நோனா வந்தார். தட்டைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"மாத்தயா, என்ன செய்றீங்க? அந்த எழுத்து மேல நான் எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன் தெரியுமா? அவங்க அழிக்காம நான் பாத்துக்கிட்டேன். நீங்க உங்க கையாலேயே அழிக்கிறீங்களே."

சொல்லிவிட்டு புறங்கையால் கண்ணைத் துடைத்தார். என் கணவர் போத்தல் துண்டைக் கீழே போட்டார். பிறகு தன் கொச்சைச் சிங்களத்தில் நோனாவிடம் கேட்டார், சுவரில் ஓர் ஆணி அடிக்கலாமா என்று.

நோனா மூன்று விரலைக் காட்டினார். "நானே மூணு அடிச்சிட்டேன். ஒன்னே ஒன்னு அடிங்க."

"இஞ்சாரும், அந்தப் படம் எந்தப் பெட்டிக்குள்ளை?"

போகாமல் அங்கேயே இருந்துவிட்டது புத்திசாலித்தனமான முடிவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் பயந்தோம். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, பஸ்ஸில் தமிழ் பேசாமல் வாயை மூடிக்கொண்டு போன வருஷங்கள், எல்லாம் பட்டோம். அவருடைய ஊரில் குண்டு விழுந்தபோது அங்கே இல்லையே என்று ஒரு பக்கம் நிம்மதி, மறு பக்கம் அதை நினைத்தே அவருக்குக் குற்ற உணர்வு. இருந்தாலும் அந்தப் பின்னேரத்தை நான் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

மூன்றாவது பெட்டியின் மூடியை நான் பிடுங்கினேன். இரண்டு அங்குல ஆணி, லேசில் வரவில்லை. நோனா முன்னறைச் சுவரில் இடம் காட்டினார், இன்னும் மேலே, இன்னும் மேலே என்று. என் கணவர் ஆணியை வைத்து அடித்தார். இத்தனை வருஷமாகப் பெட்டிக்கு நேராக அடித்த கை அன்று குறி தவறியது. ஆணி வளைந்துவிட்டது. நான் சுத்தியலை வாங்கிப் பிடுங்கிப் போட்டேன். இன்னொரு ஆணியை நானே விரலால் பிடித்துக்கொள்ள, அவர் மெல்ல மெல்ல அடித்து இறக்கினார். பூச்சு கொஞ்சம் உதிர்ந்தது. நோனா கண்ணை மூடிக்கொண்டார்.

படத்தை மாட்டினோம். திருநீறும் சிலுவையும் அருகருகே நின்று கமராவைப் பார்த்து விழிக்கிற படம். அவர் இரண்டு எட்டு பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு பாதி எழுத்து மிஞ்சிய அந்தச் சுத்தியலை என் கையில் தந்தார்.

"இஞ்சாரும், இந்த ஒண்டை மட்டும் பிடுங்கிப்போடாதையும்."

"பிடுங்க மாட்டேங்க" என்றேன்.