மழை மாசம் கணக்கில் வரவில்லை

ஆஸ்பத்திரி பெஞ்சில் முதல் ஆள் நான். எனக்கு அடுத்து என் வீட்டுக்காரி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடுத்து கீழக்கரையிலிருந்து வந்த ஒரு அம்மா. கடைசியில் பரமக்குடி தறிக்காரர், கம்பு ஊன்றிக்கொண்டு. எதிரே நாற்காலியில் ஒரு படித்த பெண். அட்டையில் தாளைச் செருகி எழுதிக்கொண்டிருந்தது.

என்னைத் தவிர பெஞ்சில் இருந்த மூன்று பேருக்கும் இடுப்பு மூட்டு தேய்ந்துபோச்சு. வேற மூட்டு வைக்க வேண்டும். வைக்கிற டாக்டர் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வெளியூரிலிருந்து வருவார். வந்தால் ஒருத்தருக்குத்தான் செய்வார். மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

யார் எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்கள் என்று எழுதத்தான் அந்தப் பெண் வந்திருந்தது. கூடுதல் நாள் காத்திருந்தவரை டாக்டர் முதலில் எடுப்பார் என்று சொன்னது. அஞ்சு நாளில் டாக்டர் வருகிறார். என் வீட்டுக்காரி என் கையைத் தொட்டாள்.

எங்களுக்கு வாலிநோக்கம். ரெண்டு பேரும் உப்பளக் கூலி. அவள் தலைச்சுமையாக உப்பு சுமந்தவள். இடுப்பு போனபிறகு வீட்டோடு சரி. குத்தவைக்க முடியாது. கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்க முடியாது. வலிக்குது என்று சொல்ல மாட்டாள். உதட்டைக் கடிப்பாள். நான் பார்த்துக்கொள்வேன்.

பெண் முதலில் கீழக்கரை அம்மாவைக் கேட்டது. அந்த அம்மா, மகன் துபாயிலிருந்து லீவில் வந்தப்பதான் பேர் கொடுத்ததாகச் சொன்னார். அதுக்குப் பிறகு அவன் போய், இன்னொரு லீவுக்கும் வந்து போய்விட்டானாம்.

"துபாயில இருக்கவன் ரெண்டு தடவ வந்துட்டான். இந்தா இருக்க டாக்டருக்கு எங்கிட்ட வர வழி தெரியல."

பெண் சிரித்துவிட்டது. சீட்டை வாங்கிப் பார்த்தது. இருநூற்றுப் பத்து நாள்.

தறிக்காரர் கேட்கும் முன்னாலேயே பிளாஸ்டிக் கவரிலிருந்து சீட்டை எடுத்தார். இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. அவருக்குக் குழித்தறி. குழிக்குள் காலை விட்டு இறங்கினால் ஏற முடியவில்லை, தறி சும்மா கிடக்கிறது என்றார். அவருக்கு இருநூற்றுத் தொண்ணூறு நாள்.

எங்கள் சீட்டைப் பார்த்து நாற்பத்தொரு நாள் என்றது.

நான் இல்லை என்றேன். நாங்கள் பேர் கொடுத்தது முன்னாலே. ஒரு தடவை கூப்பிட்டார்கள். இவளுக்கு சுகர் கூடிப்போச்சு, குறைத்துக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். குறைத்துக்கொண்டு திரும்ப வந்தப்ப பழைய சீட்டைக் கேட்டார்கள். கொடுத்தேன். புதுசு ஒன்று கொடுத்தார்கள். கிழிந்த சீட்டுக்கு நல்ல சீட்டு தருகிறார்கள் என்று நினைத்தேன். புதுச் சீட்டு என்றால் புது வரிசை என்று அந்தப் பெண் நாளைச் சொன்னபிறகுதான் தெரிந்தது.

முதல் சீட்டின் தேதி என்ன என்று பெண் கேட்டது. எனக்குத் தேதி பார்க்கிற பழக்கம் இல்லை. நான் ரெண்டாவது வரைக்கும் படித்தவன். ஆனால் கணக்கு வைத்திருந்தேன். பேர் கொடுத்த நாளிலிருந்து, பாத்தியில் உப்பு வாருகிற ஒவ்வொரு தடவையும் கொட்டகைச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டேன். பத்து நாளைக்கு ஒருக்கா வாருவோம். பத்தொன்பது கோடு இருந்தது.

"அப்ப நூத்தித் தொண்ணூறு நாள்"னு சொல்லி, செல்போனில் தட்டிப் பார்த்தது. "போன அக்டோபர்ல பேர் குடுத்திருக்கீங்க. பழைய நோட்ல பாத்துட்டு வாரேன்யா."

நான் தலையை ஆட்டினேன்.

போய் வெகுநேரம் கழித்து வந்தது. அக்டோபர் மாசம் முழுக்கப் பார்த்துவிட்டதாம். பேர் இல்லையாம். நோட்டில் இல்லாமல் எழுத முடியாது, நாற்பத்தொன்று என்றுதான் போட வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னது. அந்தப் பிள்ளைமேல் தப்பு இல்லை. என் கோட்டின்மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்தாள்.

அப்பத்தான் தறிக்காரர் கம்பால் தரையைத் தட்டினார்.

"அண்ணே, அக்டோபர்ல உங்க பாத்தில முழங்கால் தண்ணி நிக்கும். என்னத்த வாருனீங்க, மீனையா?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

மழை இறங்கினால் உப்பளம் நின்றுவிடும். ஐப்பசியில் நின்றால் தையில்தான் தரை இறுக பாத்தி மிதிக்க இறங்குவோம். முதல் உப்பு பங்குனியில். அந்த அஞ்சு மாசமும் நான் ஒரு கோடும் போடவில்லை. வாரினால்தானே கோடு. எங்க பக்கத்தில் எல்லோரும் வருஷத்தையே அப்படித்தான் எண்ணுவோம். மழை மாசத்தை நாளாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதைப் பெண்ணிடம் சொன்னேன்.

பெண் என்னைப் பார்த்தது. என் வீட்டுக்காரியைப் பார்த்தது. "ஏம்மா, வலி உங்களுக்கு. அஞ்சு மாசம் விட்டுப்போனது உங்களுக்குமா தெரியல?"

இவள் கொஞ்சம் யோசித்தாள்.

"மழைல இவுக வேலைக்குப் போகாம வீட்லயே இருந்தாக தாயி. தண்ணி மோந்து குடுத்தாக. தலை சீவி விட்டாக, கோணக் கோணயா. எழுந்திரிக்கணும்னா கை வந்துரும். வலி இருந்துச்சு. காத்திருந்த மாதிரி இல்ல."

நான் வேற பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழக்கரை அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

பெண் மறுபடி நோட்டைப் பார்க்கப் போனது. இந்தத் தடவை சீக்கிரம் வந்தது. மே மாசத்துப் பக்கத்தில் பேர் இருந்தது. வயசு, ஊர் எல்லாம் சரி. முந்நூற்று முப்பத்தாறு நாள் என்று வாசித்தது. பெஞ்சில் இருந்தவர்களில் கூடுதல் அதுதான்.

அதுவரைக்கும் தறிக்காரர் பேர்தான் முதலில் இருந்தது. அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்டார். சீட்டை மடிப்புக் கலையாமல் கவருக்குள் வைத்தார்.

"ஏன் தம்பி சொன்னீங்க? பேசாம இருந்திருந்தா அஞ்சு நாள்ல உங்களுக்கு ஆகியிருக்கும்ல" என்று இவள் கேட்டாள்.

"இருந்திருக்கலாம் மதினி. இடுப்புதான் நின்னுபோச்சு. வாய் நிக்க மாட்டேங்குது."

வெளியே போய் நாலு டீ வாங்கிவந்தேன். அவருக்கு முதலில் கொடுத்தேன்.

அஞ்சாம் நாள் இவளுக்கு ஆபரேஷன் நடந்தது. மறுநாளே நிற்க வைத்தார்கள். நான் கையை நீட்டினேன். நர்ஸம்மா வேண்டாம் என்றுவிட்டார். நாலு கால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளாகவே ஜன்னல்வரை போனாள். உதட்டைக் கடிக்கவில்லை. அங்கே போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு மாசம் கழித்துக் காட்டப் போனோம். தறிக்காரர் கட்டிலில் இருந்தார். ரெண்டு நாளைக்கு முன்னால்தான் அவருக்கு ஆகியிருந்தது. எங்களுக்கு அடுத்த தடவையே அவருக்கு நடந்திருக்க வேண்டியது. அந்தத் தடவை டாக்டர் லீவாம். "மதினி நடக்குறத இங்கன இருந்தே பாத்துட்டேன்" என்றார். இவள் அவர் கால்மாட்டில் ஆரஞ்சுப் பழங்களை வைத்தாள்.

அட்டையும் தாளுமாக அந்தப் பெண்ணும் வந்தது. எல்லாருடைய நாளையும் முடித்து எழுத வேண்டுமாம். இவளுக்கு முந்நூற்று நாற்பத்தொன்று. அவருக்கு முந்நூற்று இருபத்து மூன்று. அதில் எங்களுக்காக அவர் காத்திருந்தது எவ்வளவு என்று போட அந்தத் தாளில் இடம் இல்லை.

நான் எண்ணினேன்.

இருபத்தெட்டு நாள்.