உப்பு சேராத கோசுமல்லி

காலை எட்டு இருபதுக்குக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டவை ஆறு வெள்ளரிக்காய்கள். ஒரு மஞ்சள் துணிப்பையிலிருந்து தலை நீட்டிக்கொண்டிருந்தன. பையைப் பிடித்தபடி வீட்டுக்காரர் பத்மா மாமி நின்றார். மயிலாப்பூரில் அவர் வீட்டுக் கீழ்ப்பகுதியில் நானும் அம்மாவும் மூன்று வருடமாகக் குடியிருக்கிறோம். சொல்ல வேண்டியதை எல்லாம் மாடியிலிருந்து போனில்தான் சொல்வார். எங்கள் வாசல்படிக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"வசந்தி, இன்னிக்கு ஸ்ரீராமநவமி. சமையல் மாமாவுக்குப் பங்காளித் தீட்டாம், வர முடியாதுன்னு இப்பதான் போன் பண்றார். உச்சிவேளைக்கு நைவேத்யம், பத்துப் பேர் சாப்பிட வரா. எனக்கு விரல் மடங்கவே மாட்டேங்கறது. கோசுமல்லிக்கு நறுக்கித் தரியா?"

யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். கோசுமல்லி என்பது இங்கே பண்டிகைக்குச் செய்யும் சலாட். ஊறவைத்த பயத்தம்பருப்பு, வெள்ளரிக்காய், மாங்காய், தேங்காய்த்துருவல், கொத்தமல்லி, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி, இங்கே அது எலுமிச்சைச் சாறு. நம்முடைய சலாட்டில் முதலில் விழுவது வெங்காயம். இதில் வெங்காயம் கிடையாது, கிடையாதா என்று கேட்கவும் கூடாது. கடைசி நேரத்தில் விருந்து என்றால் இதைவிட எளிதான ஒன்று இல்லை. பருப்பு தானாக ஊறுகிறது, மற்றதெல்லாம் கத்தி வேலை. மாமி இரண்டு நிபந்தனைகள் சொன்னார். உப்புப் போடக் கூடாது, தாளிக்கக் கூடாது. இரண்டையும் அவரே பார்த்துக்கொள்வார். யாழ்ப்பாணத்தில் பத்திரிகை ஒன்றில் வேலை செய்த பழக்கத்தில் ஏன் என்று கேட்டுவிட்டேன். "அடுப்புல ஏறாதது, உப்பு சேராதது, யார் கையிலேர்ந்து வந்தாலும் தோஷம் இல்லை. எங்காத்து வழக்கம்" என்றார். பால்காரர் இன்று தாமதம் என்று சொல்லும் அதே குரல்தான்.

அந்த மாதத்தோடு எங்கள் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பது பற்றி மாமி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவருடைய தம்பி சேது மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். "நம்மவாளா இருந்தா தேவலை" என்று படிக்கட்டில் அவர் சொன்னது எங்கள் ஜன்னலுக்குக் கேட்டது. கடைசியாக வந்த குடும்பம் கூடத்தை டேப் வைத்து அளந்தது. இதற்கு முன் வேளச்சேரியில் மழைத் தண்ணீர் கட்டில் வரை வந்ததால் வெளியேறினோம். கே.கே. நகரில் நாங்கள் சமைத்த மீனின் வாசனை, கொட்டிவாக்கத்தில் அம்மாவின் முழங்கால் ஏற மறுத்த மூன்றாம் மாடி. வீடு மாறும்போதெல்லாம் இலங்கைக் கடவுச்சீட்டோடு காவல் நிலையம் போய்ப் புதிய முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும் என்றதுமே பாதிப் பேருக்கு வீடு ஏற்கெனவே வேறு யாருக்கோ பேசி முடிந்துவிடுகிறது. அம்மாவால் இன்னொரு முறை இதைத் தாங்க முடியாது. ஆகவே வெள்ளரிக்காயை மிகப் பொடியாக நறுக்கினேன்.

பின்பக்கக் குழாயடியில் செல்வி மாடி வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடையாற்றங்கரையில் இருந்த குடிசையை எடுத்துவிட்டு நகரத்துக்கு வெளியே வீடு கொடுத்ததால், இரண்டு பஸ் மாறி வருபவர். "இன்னாக்கா, மாமி உன்கைல காய் குட்த்துச்சா? ஆறு வருசமா தேச்சிக்கினு கீறேன், எனக்கு ஒரு கொத்தமல்லி கிள்ளக் குட்த்ததில்ல. சிலோன்காரின்னா தனி மவுசுதான் போ" என்று சிரித்தார். எனக்கு ஊரில் எங்கள் வீட்டுக் கிணறு ஞாபகம் வந்தது. எங்கள் பனைகளில் ஏறுபவர்கள் தாகத்துக்கு வந்தால் அந்த வாளியைத் தொட மாட்டார்கள். கைகளைக் குவித்துக்கொண்டு குனிவார்கள், நாங்கள் ஊற்றுவோம். அதையும் யாரும் கோபமாகச் செய்யவில்லை. எங்கள் வீட்டு வழக்கம் என்றுதான் சொன்னோம்.

அம்மா சுவரைப் பிடித்தபடி வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

"உப்புப் போடேல்லையோ பிள்ளை?"

"போடக்கூடாதாம்."

"அப்ப ருசி பாக்கிறது எப்பிடி?"

"சாமிக்கு முதல் ஒருத்தரும் வாயில வைக்கக்கூடாது, அம்மா."

"அப்ப சாமிதான் முதல்ல மாட்டுப்படப் போறார்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்குப் பாத்திரத்தை மாடிப்படியின் கடைசிப் படியில் வைத்தேன். மாமி எடுத்துக்கொண்டு போனார். பன்னிரண்டரைக்குப் போன் வந்தது, பானகமும் நீர்மோரும் வாங்கிக்கொள்ள வரச் சொல்லி. ராமநவமியன்று வழியில் போகிறவர்களுக்குக்கூடக் கொடுப்பார்கள் என்பதால் அந்த அழைப்பில் விசேஷம் ஒன்றும் இல்லை. கூடத்து ஓரத்தில் பானக டம்ளரோடு நின்றேன். சாப்பாட்டு மேஜையில் இலை போட்டு முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது.

"என்னக்கா, கோசுமல்லில உப்பே இல்லையே?" என்றார் சேது மாமா.

"டயட் கோசுமல்லிப்பா" என்றாள் அவர் மகள். எல்லோரும் சிரித்தார்கள்.

மாமி கரண்டியோடு நின்றுவிட்டார். "தாளிச்சுக் கொட்டினேன், உப்பை மறந்துட்டேன். நறுக்கிக் கலந்ததெல்லாம் கீழாத்து வசந்தி. அவகிட்ட உப்புப் போடாதேன்னு நான்தான் சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னே?"

"ஏன்னு இப்ப அவளை எதிர்க்க வெச்சுண்டு சொல்லணுமாக்கும்?"

சேது மாமாவின் வாயில் ஒரு கவளம் இருந்தது. அதை என்ன செய்வது என்று அவர் முடிவெடுக்கச் சற்று நேரம் ஆனது. பிறகு மென்று விழுங்கினார். மாமி என் பக்கம் திரும்பாமலே சொன்னார், "வசந்தி, அடுப்பு மேடையில உப்பு ஜாடி இருக்கு. எடுத்துண்டு வா."

அந்தச் சமையலறை மூன்று வருடமாக எனக்குக் கடுகு வெடிக்கும் சத்தமாக மட்டுமே தெரியும். உள்ளே ஒரு மிக்சி, இரண்டு குக்கர், அமெரிக்காவில் பட்டம் வாங்கிய பேரனின் படம் ஒட்டிய பிரிட்ஜ். படத்தைத் தவிர எல்லாம் எங்களிடமும் இருக்கிறது. வெள்ளைப் பீங்கான் ஜாடியை எடுத்துவந்து மேஜையில் வைத்தேன். மாமி அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துத் தம்பியின் இலையோரம் போட்டார். அவர் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். "பொடிசா நறுக்கியிருக்கா" என்றார், இலையைப் பார்த்து. இரண்டாம் பந்திக்கு மாமி ஞாபகமாக உப்புச் சேர்த்தார். செல்விக்குப் பின்வாசலில், அவர் கொண்டுவந்த கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தது அதிலிருந்துதான்.

மாலையில் மாமி போன் செய்தார். "சேதுகிட்டச் சொல்லிட்டேன், இனிமே வீட்டைக் காட்டறேன்னு யாரையும் அழைச்சுண்டு வராதேன்னு. இன்னும் பதினோரு மாசம் போட்டுடலாம். நீங்க இருக்கேளோல்லியோ?"

"இருக்கிறோம், மாமி" என்றேன்.

அம்மாவிடம் சொன்னேன். "நல்லது" என்றார். கொட்டிவாக்கத்திலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளில் இரண்டு அவருடைய கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. அவற்றின் கயிற்றை அவர் இன்னும் அவிழ்க்கவில்லை.